ரெண்டு இலக்க வருஷத்தோடு மல்லுக்கட்டிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

1998-ல் இயற்பியல் பட்டத்தோடு வீட்டில் சும்மா இருந்தவனை, 'கோபால்' (COBOL என்ற கணினி மொழி) படிக்கச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. "யாருடி அந்தக் கோபால்?" என்று அம்மா கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

சென்னையில் வேலை கிடைத்தது. ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்பிரேம் (பெரிய கணினி) புரோகிராம்கள். பலவும் எனக்கு மூத்தவை. பஞ்ச் கார்டில் (துளையிட்ட அட்டை) 80 எழுத்துக்குத்தான் இடம் என்ற காலத்துப் பழக்கம், வருஷத்தில் 19-ஐ விட்டுவிட்டு 1998-ஐ 98 என்றே எழுதியிருந்தார்கள். 2000 வந்தால் அது 00 ஆகிவிடும், இதுதான் 'ஒய்2கே' சிக்கல்.

சோதனைக்காகத் தேதியை 2000-க்குத் தள்ளி ஓட்டினோம். 1935-ல் பிறந்தவருக்கு வயது என்ன? 00-லிருந்து 35 போனால் மைனஸ் 35. ஆனால் வயதுக்கு ஒதுக்கிய இடத்தில் குறிக்கு வழியில்லை, மைனஸ் உதிர்ந்துவிடும். 65 வயதுத் தாத்தா 35 வயது வாலிபர்! புரோகிராம் நின்று தொலைத்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அது பாட்டுக்குப் பிரீமியத்தைக் குறைத்துப் போட்டுவிட்டு, ஒழுங்காக முடிந்ததாகச் சொன்னது.

எல்லாவற்றையும் நாலு இலக்கமாக்க நேரமில்லை. ஃபைல், ரிப்போர்ட் எல்லாம் அளவு மாறும். அதனால் ரெண்டு இலக்கம் 50-க்குக் கீழே என்றால் முன்னால் 20, மற்றதெல்லாம் 19 என்று 'விண்டோ' வைத்தோம். பிறந்த தேதிக்கு மட்டும் இந்த வித்தை எடுபடாது, தாத்தா 2035-ல் பிறந்துவிடுவார். அதை நாலு இலக்கமாக்கியே தீர வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய பாடு தேதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. 'டேட்' என்று பெயர் வைத்திருந்தால் சரி, 'எக்ஸ்1' என்று வைத்திருந்தால்?

1999 டிசம்பர் 31 இரவு ஆபீஸில்தான். இங்கே 12 அடித்தபோது நியூயார்க்கில் பகல் ஒன்றரை. கேசரி சாப்பிட்டுவிட்டு, அங்கே 12 அடிக்கக் காலை பத்தரை வரை முழித்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

*

அண்ணா, நீங்கள் கேட்ட அனுபவம் இதோ: நான் அப்போது திருச்சியில் ஒரு டிடிபி கடையில் இருந்தேன். ராத்திரி அணைத்துவிட்டுப் போன பழைய 386 கம்ப்யூட்டர், ஜனவரி 1 காலையில் ஆன் செய்தால் 1980 ஜனவரி 4 என்றது. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. சர்வீஸ் ஆள் 500 ரூபாய் கேட்டார். டாஸில் (அந்தக் காலத்து இயங்குதளம்) 'டேட்' என்று அடித்து 2000-ஐக் கையால் போட்டேன், அப்புறம் தேதி மறுபடி 1980-க்குப் போகவேயில்லை. மிச்சமான 500-க்கு முதலாளி எனக்கு வாங்கித் தந்தது ஒரு டீ, ஒரு வடை.