மறு: போர் ஊர்திச் சொற்கள் – எல்லாவற்றுக்கும் ‘மீட்பு’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய போர் ஊர்திகள் பற்றி நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ரெக்கவரி (சிக்கிய ஊர்தியை வெளியே எடுப்பது), சால்வேஜ் (உடைத்து உதிரி எடுப்பது), ரெஸ்டோரேஷன் (பழுது நீக்கி முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது) மூன்றுக்கும் ‘மீட்பு’ என்றே போட்டுவிட்டு, தேவைப்பட்டால் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கருவிகளோடு, வெவ்வேறு இடங்களில் செய்கிற வேலை. முதல் வேலையில் அவசரப்பட்டால் மூன்றாவது வேலைக்குப் பொருளே மிஞ்சாது. அதை ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

‘மீட்பு’ ஏற்கெனவே என்னென்ன சுமக்கிறது என்று பாருங்கள். திருடுபோன பைக் மீட்பு, கிணற்றில் விழுந்த பசு மீட்பு, அடகு நகை மீட்பு, ஆற்றில் சடலம் மீட்பு. நாளிதழில் ‘ராணுவ வாகனம் மீட்பு’ என்று தலைப்பு வந்தால் யாரோ கடத்திக்கொண்டு போனதைப் போலீஸ் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்போம். ‘மீட்டெடுப்பு’ என்றால் கணினிக்காரர்கள் தரவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘மறுவாழ்வு’ என்று முன்மொழிந்த நண்பரின் ஆர்வம் புரிகிறது. ஆனால் அது மனிதர்களுக்கான சொல், அங்கேயே இருக்கட்டும்.

பொதுவாகப் பேசாமல் ஓர் ஊர்தியை எடுத்துக்கொள்வோம். எஸ்தோனியாவின் வடகிழக்கில் குர்ட்னா மதாஸ்யார்வ் என்றொரு சிறிய ஏரி. 1944ல் ஜெர்மன், சோவியத் படைகள் மோதிய நார்வா போர்முனைக்குப் பின்புறம் இருந்த பகுதி அது. சோவியத் தயாரிப்பான டி-34 டாங்கி ஒன்றை ஜெர்மானியர்கள் கைப்பற்றி, தங்கள் சிலுவைக் குறியைத் தீட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு பின்வாங்கியபோது அதை ஏரிக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள். கரையிலிருந்து தண்ணீருக்குள் போன சங்கிலித் தடத்தைச் சிறுவயதில் பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரின் நினைவுதான் பிற்பாடு தேடியவர்களுக்குத் துப்பு. போர்க்கால எச்சங்களைத் தேடும் உள்ளூர்க் குழு ஒன்று மூழ்காளர்களை இறக்கிப் பார்த்தது. 2000 செப்டம்பர் 14 அன்று கொமாட்சு டி375 புல்டோசர் ஒன்றைக் கொண்டுவந்து எஃகு வடம் கட்டி இழுத்தார்கள். காலையில் தொடங்கிய இழுவை பிற்பகல் வரை நீண்டது.

ஏன் அவ்வளவு நேரம்? டி-34 வெறும் எடையிலேயே 26 டன்னுக்கு மேல். உள்ளே நிறைந்த சேறும் நீரும் தனிக் கணக்கு. அதைவிடப் பெரிய எதிரி, அடியில் இருக்கும் சேற்றின் பிடி. தட்டையான அடிப்பாகத்துக்கும் சேற்றுக்கும் நடுவே காற்றோ நீரோ புக வழியில்லாதபோது, தூக்கத் தூக்க உறிஞ்சிப் பிடிக்கும். அதனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுற்றிலும் தோண்டி, அடியில் நீரைப் பாய்ச்சிப் பிடியைத் தளர்த்தி, நிதானமாக ஒரே விசையில் இழுக்க வேண்டும். வடம் அறுந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிரோடு திரும்புவது கடினம். இத்தனைக்கும் முன்னால் வெடிபொருள் வல்லுநர்கள் வர வேண்டும். இந்த டாங்கிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் அப்படியே இருந்தன.

இந்த வேலைக்கு நான் முன்வைக்கும் சொல் ‘கரையேற்றம்’. ஏரி, கடல் என்றால் நேர்ப்பொருளிலேயே பொருந்தும். சேற்றுநிலம், பாலைமணல், பதுங்குகுழி இவற்றிலிருந்து எடுத்தால்? அங்கும் பொருந்தும் என்பதே என் கட்சி. குடும்பத்தைக் கரையேற்றினார், கடனிலிருந்து கரையேறினார் என்கிறோம். அங்கே தண்ணீரா இருக்கிறது? மாட்டிக்கொண்ட பாரத்தைக் கெட்டியான தரைக்குக் கொண்டுவருவது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிப்போயிருக்கிறது. ‘கிளப்புதல்’ என்றும் யோசித்தேன். சேற்றில் புதைந்த லாரியைக் கிளப்புவோம் என்றுதான் ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஆனால் ‘வண்டியைக் கிளப்பு’ என்றால் ஸ்டார்ட் செய்து புறப்படு என்றும் ஆகிறது. டாங்கி விஷயத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

கரையேற்றம் என்றால் ராணுவத்தின் அன்றாட வேலைக்கும் உதவும். போர்க்களத்தில் சிக்கிய டாங்கியை இழுத்துவரும் வண்டிக்குக் ‘கரையேற்று ஊர்தி’ எனலாம். 1918 ஜூலையில் பிரான்சின் வில்லெர்-பிரெத்தோனே அருகே, ஜெர்மானியர் விட்டுப்போன ‘மெபிஸ்டோ’ டாங்கியை ஆஸ்திரேலிய வீரர்கள் இரவோடு இரவாக இழுத்துவந்தார்களே, அதுவும் கரையேற்றம்தான். ஏ7வி என்னும் ஜெர்மன் டாங்கி வகையில் இன்று உலகில் எஞ்சியிருக்கும் ஒரே டாங்கி அது, பிரிஸ்பேனில் இருக்கிறது.

‘அகழ்வு’ என்ற பேராசிரியர் ஐயாவின் பரிந்துரையை நான் தள்ளவில்லை. மண்ணுக்குள் புதைக்கப்பட்டதற்கு அது சரியான சொல். பிரான்சில் ஃபிளெஸ்கியேர் கிராமத்தில் 1998 நவம்பரில் தோண்டியெடுத்த ‘டெபரா’ என்னும் பிரிட்டிஷ் மார்க்-4 டாங்கியை நினைத்துப் பாருங்கள். 1917 நவம்பர் 20 அன்று கம்ப்ரே போரின் முதல் நாளில் குண்டடிபட்டு நின்றது. பிறகு குழிக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். அதைத் தேடி எடுத்தது தொல்லியல் முறையிலான அகழ்வேதான். அகழ்வு முடிந்து கிரேன் வைத்துத் தூக்கிய பகுதி கரையேற்றம். இரண்டு சொல்லும் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கலாம்.

அடுத்து சால்வேஜ். இங்கே சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியை உடைக்கிறார்கள், உதிரி எடுக்கிறார்கள். ‘உதிரியெடுப்பு’ போதும். உதிரி தந்த வண்டி ‘கொடை வண்டி’. கப்பல் துறையில் இதே சால்வேஜுக்கு வேறு பொருள் உண்டு, அது கடல்சார் பட்டியலில் தனியாக வரட்டும்.

என் மனம் அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது ரெஸ்டோரேஷனில்தான். இதை ஒரே சொல்லாக வைக்கவே கூடாது.

பிரிட்டனின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ‘டைகர் 131’ என்னும் ஜெர்மன் டைகர்-1 டாங்கி இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது. 1990ல் காட்சியிலிருந்து எடுத்து ஏறக்குறைய முழுவதும் பிரித்து, 2003 இறுதியில் ஓடும் எஞ்சினோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். உலகில் இன்று ஓடும் ஒரே டைகர்-1 அது. ஆனால் அதன் பழைய எஞ்சினைப் பார்வையாளருக்குக் காட்டுவதற்காக எப்போதோ குறுக்கே அறுத்துவிட்டிருந்தார்கள். அதனால் அங்கேயே இருந்த டைகர்-2ன் எஞ்சினைக் கழற்றி இதில் பொருத்தினார்கள். அதாவது டைகர்-2 கொடை வண்டி. அருங்காட்சியக விளக்க அட்டையில் ‘மீட்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால், எதிரே உறுமும் எஞ்சின் இன்னொரு வண்டியுடையது என்ற செய்தி எங்கே போகும்?

டெபராவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அதை ஓட்டவும் முயலவில்லை, ஓட்டையை அடைக்கவும் இல்லை. பீரங்கிக் குண்டு கிழித்த தகடு கிழிந்தபடியே நிற்கிறது. அந்த டாங்கியில் இருந்த 5 பேர் அன்று ஃபிளெஸ்கியேரில் இறந்தார்கள். அவர்களின் கல்லறைகள் அதே ஊரில் இருக்கின்றன, 2017ல் திறந்த அருங்காட்சியகமும் அந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கிழிசலைத் தகடு வைத்துப் பற்றவைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அது அழிப்பு வேலை. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆகவே என் முன்மொழிவு: பழுது நீக்கி முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது ‘செப்பம்’. செப்பனிடுதல் என்ற பழகிய சொல்லிலிருந்து வருவதுதான். டைகர் 131 போல ஓடும் அளவுக்குச் செய்தால் ‘ஓட்டச் செப்பம்’, பார்வைக்கு மட்டும் சரிசெய்தால் ‘காட்சிச் செப்பம்’. டெபரா போல உள்ளது உள்ளபடி வைத்து மேற்கொண்டு கெடாமல் காப்பது ‘பேணல்’. ‘பாதுகாப்பு’ என்றால் வாசலில் காவலாளி நிற்பதாகத் தோன்றும், அதனால் வேண்டாம்.

பேணல் சும்மா வைத்திருப்பது அல்ல என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். குர்ட்னா டாங்கி 56 ஆண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்தும் பெரிதாகத் துருப்பிடிக்காமல் வெளியே வந்தது. இலைதழை மட்கிய கரிய சேற்றில் ஆக்சிஜன் இல்லாததே காரணம். வெளிக்காற்று பட்ட நாளிலிருந்து துரு வேலையைத் தொடங்கிவிடும். கடல்நீர் என்றால் இன்னும் மோசம். இரும்பின் துளைகளுக்குள் குளோரைடு உப்பு புகுந்துவிடும், மேலே கழுவினால் போகாது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் அருகே 1864ல் மூழ்கிய ஹன்லி நீர்மூழ்கியை 2000 ஆகஸ்டில் எடுத்தார்கள். உப்பை வெளியேற்றுவதற்காக 2014ல் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்தார்கள். தூக்க ஒரு நாள், பேண ஒரு தலைமுறை. இங்கிலாந்தின் டோர்கிராஸ் கடற்கரையில் நிற்கும் ஷெர்மன் டாங்கிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 1944 தரையிறங்கும் ஒத்திகையின்போது மூழ்கியது. கென் ஸ்மால் என்ற தனிமனிதர் அமெரிக்க அரசிடம் 50 டாலருக்கு விலைக்கு வாங்கி 1984ல் கரையேற்றினார். கறுப்புப் பூச்சோடு திறந்தவெளியில், கடற்காற்றிலேயே நிற்கிறது. அருகிலுள்ள ஸ்லாப்டன் கடற்பகுதி ஒத்திகையில் இறந்த அமெரிக்க வீரர்களின் நினைவுச்சின்னமாக அது நிற்பதால், அங்கே நிற்பதே சரி என்பது என் எண்ணம். அதன் அட்டையில் கரையேற்றம் என்று எழுதலாம், செப்பம் என்று எழுத முடியாது.

செப்பம், பேணல் என்ற இந்த வேறுபாடு சாண்ட்-பிளாஸ்டிங் வரை பாயும். மணலை விசையோடு அடித்தால் துரு போகும், கூடவே அடியில் இருக்கும் பழைய பெயிண்ட் அடுக்குகளும் போகும். குர்ட்னா டாங்கி மேல் இருந்த ஜெர்மன் சிலுவைதான் அது கைமாறிய கதைக்குச் சாட்சி. செப்பம் செய்பவருக்கு அது உரிக்க வேண்டிய பழைய பூச்சாகத் தெரியலாம். பேணல் செய்பவர் அதன் மேல் கை வைக்கவே மாட்டார்.

இன்னும் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. டி-34ன் சங்கிலிப்பட்டையைக் கோக்கும் ஊசிகளுக்கு ஒரு பக்கம்தான் தலை உண்டு. ஓடும்போது உடற்பக்கமாக நழுவி வரும் ஊசியை, உடலில் பொருத்திய சாய்தகடு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தட்டி உள்ளே தள்ளிவிடும். பல்லாண்டு கிடந்தபின் அந்த ஊசிகள் துளையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றி, கேஸ் வைத்துச் சூடேற்றி, சம்மட்டியால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். ஆங்கிலத்தில் சீஸ்ட் என்கிறார்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் ‘போல்ட் பிடிச்சுக்கிச்சு’, ‘ஜாம் ஆயிடுச்சு’ என்பார்கள். ‘இறுகல்’ என்று எழுதிப் பார்த்தேன், கான்கிரீட் நினைவுக்கு வருகிறது. ‘துருப்பிடிப்பு’ வேறு பொருள். லேத், டீசல் பணிமனைப் பக்கம் இருக்கும் நண்பர்கள் அங்கே புழங்கும் சொல்லை அப்படியே எழுதி அனுப்புங்கள். அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்