ஸ்காலாவில் ட்ரைக்கு வெளியே எழும் எக்செப்ஷன்: எல்லாவற்றையும் ஈதருக்கு மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணிகர்கள் அனுப்பும் சிஎஸ்வி கோப்பை வரிவரியாகப் படித்து, தொகையையும் தேதியையும் சரிபார்த்து, டேட்டாபேஸில் சேர்க்கும் புரோகிராம் ஒன்றை ஸ்காலா மொழியில் எழுதி வருகிறேன். வரிகளை மாற்றும் பகுதி முழுவதும், எக்செப்ஷனை (ஓடும்போது எறியப்படும் பிழையை) பிடித்து முடிவை சக்சஸ் அல்லது ஃபெயிலியர் என்று தரும் ட்ரைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் தொகையில் எழுத்து கலந்து வந்தால், நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் டேட்டாபேஸில் சேர்க்கும் இடத்தில் வந்து வெடிக்கிறது. ட்ரை ஏன் அதைப் பிடிப்பதில்லை? ஃபங்ஷனல் முறையில் எக்செப்ஷனே ஆகாது என்கிறார்களே, எல்லாவற்றையும் ஈதராக்கிவிடலாமா, அதாவது விடையை ரைட்டிலும் பிழையை லெஃப்டிலும் வைத்துத் தரும் டைப்புக்கு மாற்றிவிடலாமா?

பதில் 1:
கோப்பின் வரிகள் இட்டரேட்டராக (கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகத் தருவதாக) வருகின்றன என்று நினைக்கிறேன். இட்டரேட்டர் மீது எழுதும் மேப் உடனே இயங்குவதில்லை. ஒரு வரியைக்கூட எண்ணாக மாற்றாமலே ட்ரை சக்சஸ் என்று முடிந்துவிடும். பின்னால் டேட்டாபேஸில் சேர்க்கும் ஃபோர்ஈச் ஓடும்போதுதான் மாற்றம் நடக்கும், அங்கே ட்ரை இல்லை. ட்ரைக்கு உள்ளேயே, எல்லா வரிகளையும் உடனே மாற்றவைக்கும் டுலிஸ்ட் சேர்த்தால் பிடிபடும் என்றாலும், ஒரே ஒரு தவறான வரிக்காகக் கோப்பு முழுவதும் தோல்வியாகும். அதைவிட, ஒரு வரியை வாங்கி ஈதரைத் தரும் ஃபங்ஷனை எழுதுங்கள். தொகைக்கு, முழு எண்ணாக இருந்தால், ஸ்காலா 2.13 முதல் உள்ள, எக்செப்ஷன் எறியாத டுலாங்ஆப்ஷன் போதும், தேதிக்கு லோக்கல்டேட்.பார்ஸ் எக்செப்ஷன் எறியும் என்பதால் அந்த ஓர் அழைப்பை மட்டும் ட்ரையில் வைத்து, லெஃப்டில் வரி எண்ணும் காரணமும் கொண்ட உங்கள் சொந்த டைப்பைத் தாருங்கள். லெஃப்டில் எல்லா எக்செப்ஷன்களுக்கும் எரர்களுக்கும் பொதுவான த்ரோவபிளையே வைத்தால், என்னென்ன தவறலாம் என்பதை டைப்பைப் பார்த்து அறிய முடியாது.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஈதர்களை அடுத்தடுத்து இணைக்கும் ஃபார்-ஈல்டு முதல் லெஃப்டிலேயே நின்றுவிடும். தொகையும் தேதியும் இரண்டுமே தவறாக இருந்தால் வணிகருக்கு ஒன்றுதான் தெரியும், அதைத் திருத்தி அனுப்பிய பிறகே அடுத்தது தெரியவரும். கேட்ஸ் லைப்ரரியின் வேலிடேட்டட் இரண்டையும் சேர்த்துத் தரும். மற்றபடி, எல்லாவற்றையும் ஈதராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் கோடில் உள்ள பிழையால் எழுவது எக்செப்ஷனாகவே வெடிக்கட்டும். மெமரி தீர்ந்தால் எழும் அவுட்ஆஃப்மெமரிஎரர் போன்றவற்றை ட்ரையே பிடிக்காமல் விடுகிறது. த்ரோவபிளைப் பிடிக்கும் கேட்ச் எழுதி அந்த ஏற்பாட்டைக் கெடுக்காதீர்கள்.

கேட்டவர்:
இட்டரேட்டர்தான் காரணம், மிக்க நன்றி. டேட்டாபேஸில் ஏற்கெனவே உள்ள ரசீது எண் மீண்டும் வந்தால் அதுவும் லெஃப்டா?

பதில் 2:
ஆம், ஒரே கோப்பு இருமுறை வருவது எதிர்பார்க்கத் தக்கதே. கனெக்‌ஷன் அறுந்தால் மட்டும் எக்செப்ஷனை மேலே போகவிட்டு, மறுமுயற்சியை ஓரிடத்தில் எழுதுங்கள்.