குளத்து நீரா, மழை நீரா? குடும்பக் குழுவில் ஒரு கோல்ஃப் வழக்கு

தம்பி (கோயம்புத்தூர்): பெரியப்பா, அமெச்சூர் போட்டியில் இன்றைய ஆட்டம் முடிந்தது, ஸ்கோர் கார்டை இன்னும் கொடுக்கவில்லை. இரவு மழையில் 14ஆவது குழிக்கு அருகிலுள்ள குளம் நிரம்பி, எல்லையைக் குறிக்கும் சிவப்புக் குச்சிகளைத் தாண்டிப் புல்தரையிலும் தண்ணீர் நிற்கிறது. என் பந்து குச்சிகளுக்கு இரண்டு தப்படி வெளியே, கணுக்கால் அளவுத் தண்ணீரில் வெள்ளையாகத் தெரிந்தது. உடன் ஆடியவர் பெனால்டி (தண்டனையாகக் கூடுதல் அடி) உண்டு என்றார்; என் ஸ்கோரைக் குறிக்கும் சக ஆட்டக்காரரான மார்க்கர், பெனால்டி கிடையாது என்றார். கேட்பதற்கு நடுவர் யாரும் அருகில் இல்லாததால், முன்கூட்டியே சொல்லிவிட்டு இரண்டு பந்துகளை ஆடினேன். அந்தக் குழிக்குப் பெனால்டியுடன் 6 அடிகள், பெனால்டி இல்லாமல் 5.

அத்தை (மன்னார்குடி): குளத்திலிருந்து வந்த தண்ணீர் எங்கே நின்றாலும் குளத்துத் தண்ணீர்தானே, கண்ணு?

பெரியப்பா (திருவையாறு): இல்லையம்மா. வாய்க்கால் வழிந்து நம் நடவு வயலில் நிற்கும் தண்ணீரை நீ வாய்க்கால் என்று சொல்வாயா? குச்சிகளுக்கு உள்ளே இருப்பதுதான் பெனால்டி பகுதி. அதைத் தாண்டி வழிந்து நிற்பதை விதிகள் தற்காலிக நீர் என்றே கொள்கின்றன. 16ஆம் விதிப்படி, பெனால்டி இல்லாமலே, தண்ணீர் இடைஞ்சல் தராத மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு கிளப் (கோல்ஃப் மட்டை) நீளத்துக்குள், குழிக்கு நெருங்கிவிடாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். தம்பி, எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்று சொன்னாய்?

தம்பி (கோயம்புத்தூர்): பெனால்டி இல்லாத பந்தைத்தான் சொன்னேன், பெரியப்பா. 5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் மார்க்கர்.

பெரியப்பா (திருவையாறு): போதவே போதாது. இரண்டு பந்து ஆடியவன், இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்திருந்தாலும்கூட, கார்டைக் கொடுக்கும் முன் நடந்ததைக் கமிட்டியிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

அத்தை (மன்னார்குடி): எதற்கு இந்த வம்பு? அதிகமான 6-ஐயே எழுதிக் கொடுத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அக்கா (கும்பகோணம்): அத்தை, கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கூடுதலே நின்றுவிடும். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ என்ற ஆட்டக்காரர் 17ஆவது குழியில் எடுத்தது 3. மார்க்கராக இருந்த டாமி ஆரன் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டதால் அந்தச் சுற்றில் 65 அடித்தவருக்கு 66 நின்றது, பாப் கோல்பியுடன் ஆட வேண்டிய பிளேஆஃப் (சமநிலையைத் தீர்க்கும் ஆட்டம்) கைவிட்டுப் போனது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பெரியப்பா (திருவையாறு): உண்மை. அதோடு, இரண்டு பந்து ஆடியதை மறைத்தால் 6 எழுதினாலும் நீக்கம்தான். உடனே கமிட்டியிடம் போ; குச்சிக்கும் பந்துக்கும் இருந்த இடைவெளியை உள்ளபடி சொல். உடன் ஆடிய இருவரையும் அழைத்துக்கொள்.

தம்பி (கோயம்புத்தூர்): பெரியப்பா, கமிட்டியார் இருவரையும் விசாரித்து, அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். தற்காலிக நீர்தான், 5 செல்லும் என்றார்கள். அதன் பிறகே கார்டைக் கொடுத்தேன்.

பெரியப்பா (திருவையாறு): மகிழ்ச்சியப்பா. நாளை ஆடுபவர்களுக்கும் இதே குழப்பம் வரும். அந்தக் குளத்தைப் பற்றி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும்படி கேட்டுவிட்டு வா.