ஓடுபாதை ஓரம் புதைத்த ஒளியிழை: நிற்கும் விமானம் தெரியுமா?

கேள்வி:
ஓடுபாதை ஓரம் புதைத்த ஒளியிழைக் கேபிளை வைத்தே விமான நகர்வைக் கண்காணிக்கலாமாம். கேபிளுக்குள் எந்த மின்னணுப் பொருளும் இல்லையே, இடம் எப்படித் தெரியும்? ரேடார் இருக்க இது எதற்கு?

பதில் 1:
கேபிள் முழுவதுமே உணரிதான். ஒரு முனையிலுள்ள கருவி லேசர் துடிப்புகளை விடாமல் அனுப்பும். கண்ணாடியின் நுண்ணிய ஒழுங்கின்மைகள் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிடும். இதுதான் ராலே சிதறல். சக்கரம் தரையை அதிரவைத்தால் இழை துளியூண்டு நீளும், அங்கிருந்து திரும்பும் ஒளியின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) மாறும். இடம் வெறும் நேரக் கணக்கு. கண்ணாடியில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது, 100 நானோவிநாடி கழித்து எதிரொலி வந்தால் போய்வந்த தூரம் 20 மீட்டர், அதாவது இடம் 10 மீட்டர் தொலைவு. ரேடாருக்கு இது மாற்று இல்லை. கட்டடம் மறைக்கும் மூலையிலும், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தன் அடையாளத்தைச் சொல்லும் கருவி) இல்லாத வண்டியிலும்தான் இதன் அருமை தெரியும்.

கேள்வி கேட்டவர்:
சரி, விமானம் நின்றுவிட்டால்?

பதில் 1:
எஞ்சின் ஓடும்வரை அதிர்வு கொஞ்சம் இருக்கும். அணைத்தால் ஒன்றும் தெரியாது. விற்பனையாளர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்!

பதில் 2:
நிற்கும் எடை வேண்டுமென்றால் கான்கிரீட்டுக்குள் பிராக் கிரேட்டிங் வையுங்கள். குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் இழைத் துண்டு அது. அழுத்தத்துக்கு ஏற்ப அது பிரதிபலிக்கும் அலைநீளம் நகரும். ஆனால் வெப்பத்துக்கும் நகரும்: 1550 நானோமீட்டரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர். பக்கத்திலேயே பாரம் படாத இன்னொன்றை வைத்து, அதன் நகர்வைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், அதிர்வுக்கான கேபிளைத் தொளதொள குழாய்க்குள் போடாதீர்கள். மண்ணோடு ஒட்டிக் கிடந்தால்தான் அதிர்வு நன்றாக வந்து சேரும்.