மறு: மறு: ஸ்ட்ரீட் லீகல் = சாலைத்தகுதி? (குட்டி மோட்டார்சைக்கிள் சொற்கள்)

எல்லாருக்கும் வணக்கம்.

இழை ரொம்ப நீண்டுடுச்சு, அதனால அவங்கவங்க வரிக்குக் கீழயே பதில் எழுதறேன். குட்டி பைக்கை வேகம் கூட்டி மாத்துறவங்க, அதுக்கப்புறமும் அதை ரோட்டுல சட்டப்படி ஓட்டணும்னு நினைக்கிறவங்க, இவங்களுக்குப் புழங்குற மாதிரி தமிழ்ச் சொற்பட்டியல் வேணும், அதுதான் நம்ம வேலை.

> ஸ்ட்ரீட் லீகல் = சாலைத்தகுதி. எளிமையா இருக்கு, எல்லாருக்கும் புரியும். சேர்த்துடலாமே?

ஐயா, நல்ல சொல்தான், ஆனா இது வேற ஒரு கருத்துக்கு உரிய சொல், அதை இங்க செலவழிச்சுட்டா அந்தக் கருத்துக்கு சொல் இல்லாமப் போயிடும். ஒரு வண்டியோட பிரேக் பிடிக்குது, டயர்ல பட்டன் இருக்கு, லைட் எரியுது, ஹேண்டில்ல ஆட்டம் இல்ல, அப்படின்னா அது ரோட்டுல போகத் தகுதியா இருக்கு. அதுதான் சாலைத்தகுதி. ஸ்ட்ரீட் லீகல்ங்கிறது அது இல்லீங்க. பதிவுச் சான்றுல என்ன எழுதியிருக்கோ அதுவும் வண்டியும் ஒத்துப்போகுதா, அந்த வண்டிய ஓட்ட நம்ம கையில இருக்கிற லைசென்ஸ் செல்லுமா, இன்சூரன்ஸ்காரங்களுக்கு மாத்தினது தெரியுமா, இதெல்லாம் சேர்ந்தது அது. ரெண்டும் தனித்தனியா நிக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஹோண்டா க்ரோம் வண்டியவே எடுத்துக்கலாம், 2013-ல வந்தது, பல நாட்டுல எம்எஸ்எக்ஸ்125ன்னு பேரு, 12 இன்ச் சக்கரம். முதல்ல வந்த எஞ்சின்ல சிலிண்டரோட உள்விட்டம் 52.4 மிமீ, பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 57.9 மிமீ, கணக்குப் போட்டா 124.9 சிசி. அந்த சிலிண்டரை எடுத்துட்டு 56 மிமீ சிலிண்டரும் பிஸ்டனும் போட்டா ஏறக்குறைய 143 சிசி, 63 மிமீ போட்டா 180 சிசிய தொட்டுடும். உள்விட்டம் கணக்குல வர்க்கமா வர்றதாலதான் நாலு மில்லிமீட்டர்லயே இவ்வளவு ஏறுது. இப்ப அந்த 143 சிசி வண்டிக்கு நல்ல பிரேக், நல்ல டயர், புது செயின் எல்லாம் போட்டு ஒருத்தர் பொறுப்பா வச்சிருக்கார்னு வைங்க, சாலைத்தகுதி முழுசா இருக்கு, ஆனா காகிதம் இன்னும் 125-ன்னுதான் சொல்லுது, அப்ப ஸ்ட்ரீட் லீகல் இல்ல. தலைகீழாவும் நடக்கும், கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே ஒரு போல்ட்டைக்கூட தொடாத வண்டி, காகிதம் சுத்தம், ஆனா பிரேக் பேடு தேஞ்சு இரும்பு உரசுது. இந்த ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லைக் குடுத்தா நம்ம பட்டியலால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

அதனால என் முன்மொழிவு: சாலையேற்பு.

சாலையேற்பைப் பெறலாம், இழக்கலாம், திரும்ப வாங்கலாம். "இந்த சைலன்சரை மாட்டினா சாலையேற்பு போயிடும்", "சிலிண்டரை அகட்டிப் பெருசாக்கினதுக்கு அப்புறம் மறுபதிவு பண்ணி சாலையேற்பு வாங்கியாச்சு", இப்படிப் பேசிப் பாருங்க, நாக்குல தடங்கல் இல்லாம வருது. தகுதிங்கிறது வண்டிக்குள்ளயே இருக்கிற குணம் மாதிரி ஒலிக்குது, ஏற்புங்கிறப்ப ஏத்துக்கிறவங்க ஒருத்தர் வெளிய இருக்காங்கன்னு சொல்லுக்குள்ளயே தெரியுது. சட்டமும் அப்படித்தான் வேலை செய்யுது.

> ஏற்பு எண்டால் எங்கட பக்கம் ஏற்பு ஊசிதான் முதல்ல ஞாபகம் வரும். பிள்ளைகள் ஆணி குத்தினால் போடுற ஊசி. வேற சொல் பாக்கேலாதோ?

அக்கா, நீங்க சொன்னது நியாயமான எதிர்ப்பு. டெட்டனஸை ஏற்புவலிங்கிற வழக்கு தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவா இல்லாததால இங்க யாருக்கும் தோணல. தனியா "ஏற்பு"ன்னு விட்டா உங்க பக்கம் குழப்பம் வரும்தான். ஆனா சாலையேற்புன்னு ஒட்டியே எழுதுறப்ப ஊசி நினைப்பு வராதுன்னு நம்புறேன், "ஏற்புடையது"ன்னு சொல்றப்ப யாருக்கும் ஊசி ஞாபகம் வர்றதில்லையே. பட்டியல்ல ஒட்டித்தான் எழுதணும், பிரிச்சு எழுதக்கூடாதுன்னு குறிப்பு போட்டுடறேன். அப்பவும் உறுத்தினா "சாலை ஒப்புதல்"ன்னு வச்சுக்கலாம், எனக்கு பிடிவாதம் இல்ல. தகுதிங்கிறதுக்குத்தான் நான் ஒத்துக்கமாட்டேன்.

> ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற. ஒரே சொல் எப்படி பொருந்தும்?

சட்டம் வேறதான், ஆனா அடியில இருக்கிற கேள்வி ஒண்ணுதான், வண்டியும் காகிதமும் ஒத்துப்போகுதாங்கிற கேள்வி. இந்தியாவுல 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்று விவரம் தயாரிப்பாளர் முதல்ல குறிச்சதுக்கு முரணாப் போற அளவுக்கு வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. ஜப்பான்ல பாருங்க, 2025-க்கு முன்ன வரைக்கும் எத்தனை சிசின்னு நம்பர் பிளேட் நிறத்துலயே தெரிஞ்சுடும், 50 சிசி வரைக்கும் வெள்ளை, அதுக்கு மேல 90 வரைக்கும் மஞ்சள், 125 வரைக்கும் இளஞ்சிவப்பு. ஹோண்டாவோட மங்கிங்கிற 50 சிசி குட்டி வண்டிய அகட்டி 88 ஆக்கினா அதைத் தெரிவிச்சு மஞ்சள் பிளேட் வாங்கணும், ஓட்டவும் அடுத்த நிலை லைசென்ஸ் வேணும். அப்படி வாங்கிட்டா 50 சிசிக்கு இருக்கிற மணிக்கு 30 கிமீ கட்டுப்பாடும் அந்த வண்டிக்குக் கிடையாது. அதே வண்டி, அதே சேசிஸ், ஏற்பு மட்டும் ஒரு படி மாறிடுச்சு. சாலைத்தகுதின்னு சொல்லி இதை விளக்கவே முடியாது பாருங்க.

ஐரோப்பாவுல சின்ன பைக்குக்கான ஏ1 லைசென்ஸ் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. 125 சிசி, 11 கிலோவாட் இந்த ரெண்டு வரம்பு எல்லாருக்கும் தெரியும், மூணாவதை மறந்துடறாங்க, வண்டி எடையில ஒரு கிலோவுக்கு 0.1 கிலோவாட்டுக்கு மேல போகக்கூடாது. குட்டி வண்டிய முதல்ல பிடிக்கிறது இந்த மூணாவது வரம்புதான். 104 கிலோ வண்டின்னா 10.4 கிலோவாட்லயே கதவு மூடிடும், 11 வரைக்கும் போகமுடியாது. வேகம் வேணும்னு எடையைக் குறைக்கிறவங்க, தெரியாமலே தங்களுக்குக் கிடைக்கிற சக்தி வரம்பையும் சேர்த்துக் குறைச்சுக்கிறாங்க. அதனால திறன்-எடை விகிதம் பட்டியல்ல கட்டாயம் இருக்கணும், போன தடவை "தேவையில்லை"ன்னு நீக்கினதை திரும்ப சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்.

> போர்-அப்க்கு மறுதுளைப்பு சரிதானே? பட்டறையில ரீபோர்னு ஏற்கனவே சொல்றாங்க.

தம்பி, இங்கயும் ரெண்டு வேலை கலந்துபோகுது. ரீபோர்ங்கிறது தேய்மானம் சரிபண்றது, சிலிண்டர் சுவர் தேஞ்சோ கீறல் விழுந்தோ இருந்தா கொஞ்சமா கடைஞ்சு 0.25 மிமீ, 0.50 மிமீன்னு படிப்படியா பெரிய பிஸ்டன் போடுறது. அதுக்கு மறுதுளைப்பு சரி, அப்படியே இருக்கட்டும். சக்திக்காக வேணும்னே சிலிண்டரைப் பெருசாக்குற போர்-அப்புக்கு அகட்டல்னு வைக்கலாம். காலை அகட்டி நில்லுன்னு சின்னப்பிள்ளைகூட சொல்லும், யாருக்கும் அகராதி வேண்டாம். கிராங்க் மாத்தி பிஸ்டன் போற தூரத்தைக் கூட்டுறதுக்கு வீச்சு நீட்டல், ஃபோர் ஸ்ட்ரோக்கை நாலு வீச்சு எஞ்சின்னு ஏற்கனவே எழுதுறோம் இல்லையா.

அகட்டல் பதிவுக்கு விளக்கம் எழுதுறவங்க ஒண்ணு சேர்த்துடுங்க. ஹெட்டுல இருக்கிற எரியறை இடம் அப்படியே இருக்க சிலிண்டர் மட்டும் பெருசானா அமுக்க விகிதமும் (கம்ப்ரெஷன் ரேஷியோ) ஏறும். மேல சொன்ன எஞ்சின்ல 9.3 இருந்தது, தட்டைப் பிஸ்டனோட 143 ஆக்கினா கணக்குப்படி 10.5 பக்கம் வரும். எரிபொருள் கலவையை அதுக்கேத்த மாதிரி திருத்தலன்னா எஞ்சின் தட்டும், சூடேறும், கடைசியில பிஸ்டன்ல ஓட்டை விழும். இன்ஜெக்‌ஷன் வண்டியில இசியுங்கிற எஞ்சின் கணினியோட கணக்கை மாத்தணும், கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோலை அளந்து விடுற ஜெட்டை மாத்தணும். இந்த ரெண்டுக்கும் பொதுவா கலவைத் திருத்தம், இதுல யாரும் சண்டை போடமாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

பிரேக் பத்தியும் ஒரு வரி வேணும். 80-ல போன வண்டி 100-ல போக ஆரம்பிச்சா நிறுத்த வேண்டிய ஆற்றல் பாதிக்கு மேல கூடிடுது, வேகமும் வர்க்கமாத்தான் வருது. அந்தச் சின்ன டிஸ்க் அதே டிஸ்க்தான். எஞ்சினுக்கு மட்டும் இருபது சொல் கண்டுபிடிச்சுட்டு பிரேக்குக்கு ஒண்ணுகூட இல்லாத பட்டியலை நாம வெளியிடக்கூடாது. சூடாகி பிடிமானம் குறையுறதுக்கு பிரேக் தளர்ச்சின்னு வைக்கிறேன், இன்னும் நல்லதா இருந்தா குடுங்க.

> மினி பைக் = சிற்றுந்து?

சிற்றுந்துன்னா மினிபஸ்னு ஏற்கனவே ஊன்றிடுச்சு, எடுக்கமுடியாது. குற்றுந்துருளின்னு ஒருத்தர் குடுத்திருந்தார், புணர்ச்சி சரிதான், ஆனா சொல்லும்போது குற்றுயிர் மாதிரி கேக்குது, வண்டி ஓட்டுறவங்களுக்கு அது வேண்டாமே. குட்டி உந்துருளி போதும். ஹோண்டா 1961-ல தாமா டெக் பூங்காவுல பிள்ளைங்க ஓட்ட 5 இன்ச் சக்கரத்துல ஒண்ணு செஞ்சாங்க, அதுலேர்ந்துதான் மங்கி வரிசையே வந்தது, குட்டிங்கிற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

ஆனா பாக்கெட் பைக்கை இதோட சேர்க்காதீங்க, "பொம்மை பைக்"னும் எழுதாதீங்க, இதை ரொம்ப அழுத்தமா கேட்டுக்கிறேன். முழங்கால் உயரம் இருக்கிறதால பொம்மைன்னு நினைச்சு பிள்ளைங்க கையில குடுத்து தெருவுல விடுறாங்க. பெரும்பாலான பாக்கெட் பைக்குல லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, ரோட்டுல ஓட அந்த மாடலுக்கு வாங்கவேண்டிய வகை ஒப்புதலே வாங்காத வண்டி, கார் ஓட்டுறவங்க கண்ணுக்கு கீழ மறைஞ்சு போயிடும். பிரிட்டன்ல பொது ரோட்டுலயோ நடைபாதையிலயோ ஓட்டினா போலீஸ் பறிமுதல் பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. மூடின ஓடுதளத்துல மட்டும் ஓட்டுற எல்லாத்துக்கும் திடல்வண்டி, சாலையேற்பு ஒருபோதும் பெறாததுன்னு விளக்கத்துலயே எழுதிடலாம்.

மண்ணுல ஓட்டுற குட்டி வண்டியான பிட் பைக்குக்கு மட்டும் எனக்கு எதுவும் தோணல. சிலது திடல்வண்டி, சிலது லைட்டும் கண்ணாடியும் வச்சு பதிவு வாங்கி வருது, ரெண்டு பக்கமும் நிக்குது. மண்ணுல ஓட்டுறவங்க இந்தக் குழுவுல இருந்தா நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுறீங்கன்னு எழுதுங்க, அதைப் பாத்துட்டு அந்தப் பதிவை முடிக்கலாம். மத்ததை இந்த வார இறுதிக்குள்ள பட்டியல்ல ஏத்திடறேன், சாலையேற்பா ஒப்புதலாங்கிறதுல மட்டும் அக்கா பதில் வர்ற வரைக்கும் ரெண்டையும் வச்சிருக்கேன்.

அன்புடன்