டிவி செய்தி ஊர்க்காரர்களின் கவலையை மாற்றுகிறதா? கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி: வாசகர்வட்டம்

வணக்கம். எங்கள் ஊர்ப்புற நூலக வாசகர் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் ஓயமாட்டேன் என்கிறது. ராத்திரி டிவி விவாதத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் மறுநாள் டீக்கடைப் பேச்சு என்கிறது ஒரு தரப்பு. அவரவர் கஷ்டம் அவரவருக்குத் தெரியாதா, டிவி சொல்லித்தான் தெரியணுமா என்கிறது இன்னொரு தரப்பு. அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஆள் ஆறு பேர், காலம் ஒன்றரை மாதம், செலவு ஜெராக்ஸ் காசு மட்டும். செய்தியை எப்படி எண்ணுவது, எத்தனை பேரிடம் என்ன கேட்பது? வாட்ஸ்அப் வதந்தியையும் சேர்க்கலாமா?

பதில்: அளவுகோல்

இதே கேள்வியை எண்ணிக்கையாக்கிக் காட்டியவர்கள் அமெரிக்க ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும். 1968 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில், வட கரோலினா மாநிலம் சேப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரைப் பேட்டி கண்டார்கள். அதே நாட்களில் அந்த ஊருக்கு வரும் நாளிதழ், வார இதழ், டிவி செய்தி எல்லாவற்றையும் எண்ணினார்கள். செய்தியில் பெரிதாக வந்த வரிசையும் மக்கள் சொன்ன வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன, ஒட்டுறவு 0.967 (1 என்றால் முழுப் பொருத்தம்). கட்டுரை 1972இல் வந்தது. எந்தக் கட்சி நல்லது என்று ஊடகம் நம்பவைத்ததாக அவர்கள் சொல்லவில்லை. எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதில் ஊடகத்துக்குக் கை இருக்கிறது என்றார்கள். உங்கள் இரு தரப்பும் முதலில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆள்பலத்துக்கு இரண்டு சேனலின் ஒரு முக்கியச் செய்தியறிக்கை, ஊரில் அதிகம் விற்கும் இரண்டு நாளிதழின் முதல் பக்கம், மூன்று வாரம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பாதியில் நிற்கும். டிவிக்கு ஒவ்வொரு செய்தியும் எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். நாளிதழுக்கு ஸ்கேல் வைத்துப் பத்தி நீளத்தை சென்டிமீட்டரில் அளங்கள், தலைப்பும் படமும் சேர்த்து. விநாடியையும் சென்டிமீட்டரையும் கூட்டிவிடாதீர்கள். தனித்தனியாக வரிசை போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

எட்டு வகை போதும்: விலைவாசி, குடிநீர், வேலை, சட்டம் ஒழுங்கு, ஊழல், மது, கல்வி, மருத்துவம். மீதி ‘இதர’. ‘இதர’ ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வகை பிரித்ததே தப்பு என்று அர்த்தம்.

பெரும்பாலான முயற்சிகள் கவிழ்வது வகைப்படுத்தும் இடத்தில்தான். ‘தெருவிளக்கு எரியாத பஸ் ஸ்டாப்பில் பெண்ணிடம் செயின் பறிப்பு’ என்ற செய்தி சட்டம் ஒழுங்கா, அடிப்படை வசதி என்று ‘இதர’வில் போடுவதா? தலைப்பு எதைச் சொல்கிறதோ அதுவே வகை என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். பிறகு ஒரே 50 செய்திகளை இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வகைப்படுத்தட்டும். 40 செய்தியில் ஒத்துப்போனால் 80 சதவீதம். ஆனால் தற்செயலாகவே 30 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் என்று கணக்கு காட்டினால், (80−30)÷(100−30), அதாவது 0.71தான் உண்மையான ஒப்புமை. இதற்குப் பெயர் கோஹன் காப்பா. 0.7க்குக் கீழே இறங்கினால் விதியைத் திருத்தி மறுபடி செய்யுங்கள். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, விதிதான் தெளிவாக இல்லை.

பேட்டிக்கு 100 பேர் குறைந்தபட்சம். டீக்கடையில் மட்டும் வேண்டாம். அங்கே ஒருவர் சொல்வார், நாலு பேர் தலையாட்டுவார்கள். தெருவரிசையில் பத்தாவது வீடு, பத்தாவது வீடாகப் போங்கள். சாயங்காலமும் ஞாயிறும் போனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் கிடைப்பார்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: “இன்றைக்குத் தமிழ்நாட்டில் அரசு உடனே கவனிக்க வேண்டிய பிரச்சினை எது?” பட்டியலை வாசித்துக் காட்டக் கூடாது. அடுத்து, “உங்கள் வீட்டுக்கு?” என்று தனியாகக் கேளுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு, வகைப்படுத்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என்ன சேனல் பார்க்கிறீர்கள் என்பது கடைசிக் கேள்வி. முதலிலேயே கேட்டால் அடுத்த பதிலெல்லாம் டிவி வாசனை அடிக்கும்.

இரண்டு வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்பிடுவதற்கு ஸ்பியர்மன் முறை. எட்டுப் பிரச்சினைக்கும் செய்தி வரிசை 1, 2, 3, 4, 5, 6, 7, 8. மக்கள் வரிசை 2, 1, 4, 3, 5, 8, 6, 7 என்று வைப்போம். வித்தியாசங்களின் வர்க்கம் கூட்டினால் 10. அதை 6ஆல் பெருக்கி 504ஆல் (8 × 63; 63 என்பது 8 × 8 − 1) வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.88. எட்டு வகைக்கு 0.74ஐத் தாண்டினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஐந்தே வகை வைத்திருந்தால் வரிசை அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். எட்டுக்குக் குறையாதீர்கள் என்பது இதனால்தான்.

பதில்: மறுபக்கம்

மேலே சொன்னது சரி. ஆனால் 0.88 வந்ததும் ‘டிவிதான் காரணம்’ என்று குதித்துவிடக் கூடாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் செய்தியிலும் வரும், வீட்டிலும் புலம்புவார்கள். இரண்டுக்கும் காரணம் குழாய்.

ஆகவே நான்காவதாக ஒரு நோட்டு போடுங்கள்: நிஜ நிலவரம். தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எத்தனை மணி நேரம் கரண்ட் போனது, உழவர் சந்தை விலைப் பலகையில் தக்காளி, வெங்காயம் என்ன விலை. தினமும் ஒருவர் போய்க் குறித்தால் போதும். விலை இறங்கிய வாரத்தில் விலைவாசிச் செய்தி ஏறி, மக்கள் கவலையும் கூடவே ஏறினால் அது கனமான சான்று. 1973இல் வெளியான ஆய்வில் ஃபங்க்ஹவுசர் என்பவர் செய்தது இதுதான். வியட்நாமில் அமெரிக்கப் படை உச்சத்தில் இருந்தது 1968–69இல். செய்தி இதழ்களில் வியட்நாம் உச்சத்தைத் தொட்டது அதற்கு முன்பே, 1966இல். மக்கள் கவலை களத்தை விடச் செய்தியை ஒட்டித்தான் நகர்ந்தது.

இன்னொன்று, எட்டு வகையையும் இரண்டாகப் பிரியுங்கள்: மேல் பட்டுத் தெரிவது (தண்ணீர், விலை, வேலை), கேள்விப்பட்டு மட்டுமே தெரிவது (ஊழல், எங்கோ நடக்கும் குற்றம்). ஊடகத்தின் பிடி இரண்டாவதில்தான் இறுகும் என்று ஜக்கர் என்ற ஆய்வாளர் 1978இல் எழுதினார். அப்படிப் பிரித்தால் உங்கள் வட்டத்தின் இரு தரப்புமே ஓரளவு சரியென்று தெரிய வாய்ப்பு உண்டு.

முடிந்தால் அதே ஆட்களை மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை பாருங்கள். சிலர் ஊரில் இருக்க மாட்டார்கள், சிலர் ‘போன தடவையே சொன்னேனே’ என்பார்கள். 130 பேரில் தொடங்கினால்தான் 100 நிற்கும். முதல் பேட்டியே ஒருவரைச் செய்தியை உற்றுப் பார்க்க வைத்துவிடும். ஆகவே இரண்டாம் சுற்றில் புதிதாக 30 பேரையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

“டிவி உங்களை மாற்றுகிறதா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பதே வழக்கமான பதில். டேவிசன் என்ற ஆய்வாளர் 1983இல் இதற்கு ‘மூன்றாம் நபர் விளைவு’ என்றே பெயர் வைத்தார்.

பதில்: உறுதிசெய்

வதந்தியைத் தனியாக வையுங்கள், அது வேலை செய்யும் விதமே வேறு. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை வாக்கியங்களைக் கேட்கவைத்து, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களுக்கு ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது, அவை பொய்யாக இருந்தபோதும். காதில் விழுந்து பழகினாலே போதும், நம்பிக்கை தானாக ஏறுகிறது.

2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிப் போகும் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே சிறுவனைத் திருப்பி விட்டு, வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த அட்டை வரும் துண்டை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற பீதி பரவியிருந்த அந்த மே மாதம்தான், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு நேரத்தில் ஐந்து அரட்டையாகக் குறைத்தது.

இதனால் உங்கள் வினாத்தாளும் ஆபத்துதான். “இந்த வதந்தியை நம்புகிறீர்களா?” என்று 100 வீட்டில் வாசித்தால், 100 வீட்டில் இன்னொரு முறை பரப்பியதாக ஆகும். இப்போது ஊரில் சுற்றும் வதந்தியைத் தொடவே வேண்டாம். பழையது, பொய்யென்று உறுதியானது, யார் மீதும் பழி போடாதது மூன்று எடுங்கள். அவற்றோடு உண்மையான மூன்று வாக்கியங்களைக் கலந்து 1–7 மதிப்பெண் கேளுங்கள். கிளம்பும் முன் எது பொய், ஏன் பொய் என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சீட்டில் முதல் வரி உண்மையாக இருக்கட்டும், பொய்யைக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள்.

வாசகர்வட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே சந்தேகம்: மூன்று வாரச் செய்தியை எண்ணிக்கொண்டே பேட்டியும் எடுக்கலாமா?

அளவுகோல்

முதல் சுற்றுப் பேட்டியை எண்ணத் தொடங்கும் வாரத்திலேயே முடியுங்கள். இரண்டாம் சுற்று, எண்ணி முடித்த பிறகு. செய்தி ஒரே நாளில் கவலையாக மாறாது, சில வாரம் பிடிக்கும். பேட்டி எடுப்பவர்களிடம் செய்தி வரிசையைக் காட்டாதீர்கள். தெரிந்தால் தங்களை அறியாமலே அந்தப் பக்கம் பேச்சைத் தள்ளிவிடுவார்கள். மூன்று பேர் எண்ணட்டும், மூன்று பேர் வீடு வீடாகப் போகட்டும்.