வானில் தெரியும் விண்மீன்களில் பல இப்போது இல்லை என்பது உண்மையா?

கேள்வி – மாடிப்படி

மார்கழித் திருவாதிரையன்று இரவு என் மகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, முழுநிலவுக்கு அருகே செந்நிறமாகத் தெரிந்த திருவாதிரை விண்மீனைக் காட்டினேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அவளிடம், எங்கோ கேட்ட நினைவில், "நாம் பார்க்கிற விண்மீன்களில் பாதி எப்போதோ அழிந்துவிட்டன, அவற்றின் பழைய ஒளிதான் நமக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் சற்று யோசித்து, "எந்தெந்த விண்மீன் அழிந்துவிட்டது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா, அப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒளி வந்து சேரக் காலம் ஆகும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதிலிருந்து "பாதி அழிந்துவிட்டன" என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? திருவாதிரை இப்போது இருக்கிறதா, இல்லையா?

பதில் 1 – கேட்டைநோக்கி

உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களைப் பொறுத்தவரை "பாதி அழிந்துவிட்டன" என்ற கூற்று தவறு. ஏறக்குறைய எல்லாமே இன்றும் இருக்கின்றன என்று சொல்வதுதான் பொருத்தம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒளி எத்தனை ஆண்டு பயணம் செய்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அந்த விண்மீனின் ஆயுள் எவ்வளவு என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் விண்மீன்கள் அந்த அளவுகோலில் பக்கத்து வீடுகள்தான். சிரியஸ் 8.6 ஒளியாண்டு, சுவாதி 37, ரோகிணி 65, கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440, கேட்டை சுமார் 550. வெறுங்கண்ணுக்கு எட்டுபவற்றில் மிகப் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிடும். விண்மீன்களின் ஆயுளோ லட்சங்களிலும் கோடிகளிலும் எண்ணப்படுவது. சூரியனுக்கு மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு, அதில் 460 கோடி ஆண்டு கழிந்திருக்கிறது. அதன் ஒளி நம்மை அடைய எடுக்கும் நேரம் வெறும் 500 விநாடி.

திருவாதிரைக்கு வருவோம். அது 500 முதல் 700 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 600 என்று வைத்துக்கொண்டால், அன்று நீங்கள் பார்த்த ஒளி, தமிழகத்தில் விசயநகர ஆட்சி நடந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. திருவாதிரை மிகப் பெருத்த விண்மீன் என்பதால் எரிபொருளை வேகமாகச் செலவழித்துவிட்டது. அதன் ஆயுளே ஒரு கோடி ஆண்டு அளவில்தான் முடியும். அந்த ஒரு கோடியில் 600 என்பது எவ்வளவு என்று 80 வயது வரை வாழும் மனிதரை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு நாள்கூட ஆகாது. முதுமையில் இருக்கும் ஒருவரின் இரண்டு நாளுக்கு முந்தைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, அவர் இப்போது இல்லை என்று யாரும் முடிவு செய்வதில்லை. திருவாதிரை வெடித்துச் சிதற இன்னும் சுமார் ஒரு லட்சம் ஆண்டு ஆகலாம் என்பது இன்றைய மதிப்பீடு. அந்த ஒரு லட்சத்துக்குள் எந்த ஆண்டிலும் வெடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டாலும், கடந்த 600 ஆண்டுகளுக்குள் அது வெடித்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

2019-இன் இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது கண்ணுக்கே தெரியும்படி மங்கியபோது "வெடிக்கப்போகிறது" என்று பரபரப்பு எழுந்தது. விண்மீன் தானே வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் ஒரு பகுதியை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. ஏப்ரலுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

பதில் 2 – தென்வானம்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும். தென்வானில் தாழ்வாகத் தெரியும் ஈட்டா கரினே சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1843-இல் அது பொங்கியெழுந்து, சிரியஸுக்கு அடுத்தபடியாக வானிலேயே இரண்டாவது பிரகாசமான விண்மீனாகச் சில காலம் இருந்தது. அத்தனை பெரிய, அத்தனை நிலையற்ற விண்மீன் இந்த 7,500 ஆண்டு இடைவெளியில் வெடித்திருக்கலாம் என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று, நம் பால்வழியைப் போல எண்ணற்ற விண்மீன்கள் சேர்ந்த விண்மீன் திரள்கள். ஆண்ட்ரமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அங்கே பெருத்த விண்மீன் நூற்றாண்டுக்கு ஒன்று மட்டும் வெடிக்கிறது என்று வைத்தாலே, நாம் காணும் ஒளி புறப்பட்ட பிறகு 25,000 விண்மீன்கள் வெடித்திருக்கும். அந்தச் செய்தி எல்லாம் இன்னும் வழியில் இருக்கிறது. ஆனால் ஆண்ட்ரமீடாவில் உள்ள விண்மீன்கள் ஒரு லட்சம் கோடி அளவில் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்படி வழியிலிருந்த ஒரு செய்தி வந்து சேர்ந்ததை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. 1987 பிப்ரவரியில், பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு திரளில் ஒரு நீல விண்மீன் வெடித்தது தெரிந்தது. தெரிந்தது 1987-இல், நடந்தது சுமார் 1,60,000 ஆண்டுகளுக்கு முன். ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு ஆகிய மூன்று இடங்களிலிருந்த கருவிகளில் எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஏறத்தாழ 25 பதிவாகியிருந்தன. நியூட்ரினோ ஒளியை முந்தி ஓடியது என்று இதற்குப் பொருளில்லை. விண்மீனின் மையம் இடிந்து விழுந்த நொடியிலேயே அது வெளியேறிவிட்டது. ஒளியோ, அதிர்வலை மேற்பரப்பை அடையும்வரை உள்ளேயே காத்திருக்க வேண்டியிருந்தது.

மாடிப்படி

இருவருக்கும் நன்றி. இரண்டு நாள் பழைய புகைப்படம் என்ற ஒப்பீட்டை மகளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் எனக்கு ஒரு நெருடல். திருவாதிரையின் தொலைவை "500 முதல் 700" என்று இவ்வளவு தளர்வாகச் சொல்கிறீர்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள திரளின் தொலைவைத் தயங்காமல் சொல்கிறீர்கள். அருகில் இருப்பதை அளப்பது அல்லவா எளிதாக இருக்க வேண்டும்?

பதில் 3 – கேட்டைநோக்கி

நல்ல கேள்வி. அருகிலுள்ள விண்மீன்களை அளக்கும் முறையை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மற்றொன்றால் மாறி மாறிப் பாருங்கள்; பின்னால் உள்ள சுவரை ஒட்டி விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாத இடைவெளியில் 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. அந்த இரண்டு இடங்களையும் இரண்டு கண்களாகக் கொண்டு விண்மீனின் இடமாற்றத்தை அளக்கிறோம். இந்த முறையில் வெளியான முதல் நம்பகமான அளவு வானியலாளர் பெஸ்ஸல் 1838-இல் 61 சிக்னி என்ற விண்மீனுக்குக் கண்டது.

திருவாதிரைக்கு இந்த இடமாற்றம் மிகச் சிறிது. அதன் வட்டத் தோற்றமோ அதைவிட ஏழெட்டு மடங்கு அகலம். அதோடு அதன் மேற்பரப்பு கொதிக்கும் கூழைப்போல் குமிழியிட்டு, பிரகாசமான இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. புள்ளியின் நகர்வை அளக்கப் போனால் புள்ளியே இல்லை. கோடிக்கணக்கான விண்மீன்களைத் துல்லியமாக அளந்த கையா விண்கலத்துக்கும் திருவாதிரை கண் கூசும் அளவுக்குப் பிரகாசமானது.

ஆண்ட்ரமீடாவுக்கு வேறு அளவுகோல். செபீட் என்னும் மாறும் விண்மீன்கள் சீராகக் கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. எவ்வளவு நிதானமாக மாறுகிறதோ அவ்வளவு அதிக ஒளி கொண்டது என்ற தொடர்பை, சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களைக் கொண்டு ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் காட்டினார். மாறும் கால அளவிலிருந்து உண்மையான ஒளியும், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவும் கிடைத்துவிடும். 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையில் எடுத்த கண்ணாடித் தகட்டில், வானியலாளர் ஹபிள் முதலில் ஆண்ட்ரமீடாவில் ஒரு விண்மீனுக்கு அருகே புதிய விண்மீனைக் குறிக்கும் 'என்' எழுத்தை எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, 'மாறி' என்பதன் சுருக்கத்தை வியப்புக்குறியோடு எழுதினார். அந்த ஒற்றைச் செபீட்தான் ஆண்ட்ரமீடா நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனித் திரள் என்பதை உறுதி செய்தது. அவர் கண்ட தொலைவு இன்றைய அளவில் பாதிகூட இல்லை என்பது வேறு கதை. செபீட்களில் இரண்டு வகை உண்டு என்பது 1950-களில்தான் தெளிவாயிற்று.

பதில் 4 – கரும்பலகை

இதை ஒட்டி ஓர் ஐயம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்றால், நாம் காணக்கூடிய எல்லை 4,600 கோடி ஒளியாண்டு என்று எப்படி எழுதுகிறார்கள்? ஒளி தன் வேகத்தை மீறியதா?

பதில் 5 – தென்வானம்

மீறவில்லை. தையற்கடையில் கிடைக்கும் இலாஸ்டிக் நாடாவை ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் எறும்பு ஒரு முனையிலிருந்து மெதுவாக ஊர்ந்து வருவதாகவும், அது ஊரும்போதே நாடா இழுபடுவதாகவும் எண்ணுங்கள். எறும்பு மறுமுனையை அடையும்போது அது கடந்து வந்த பகுதியும் சேர்ந்து நீண்டிருக்கும். ஆகவே புறப்பட்ட முனை, எறும்பு தன் காலால் நடந்த தூரத்தைவிட அதிகத் தொலைவில் இருக்கும்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது சூடான வாயுவிலிருந்து புறப்பட்டது. அப்போது அந்த வாயு நம் இடத்திலிருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருந்தது. இடையிலிருந்த வெளி 1,100 மடங்கு நீண்டதால் அதே பொருள் இன்று 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளியின் அலையும் அதே அளவு நீண்டு நுண்ணலையாகிவிட்டது. பென்சியாஸும் வில்சனும் 1965-இல் அறிவித்தது அதைத்தான்.

முதல் கேள்விக்கு இதில் ஒரு பதில் உண்டு. அந்த ஒளியில் நாம் காணும் வாயு "அழிந்துவிடவில்லை". இந்நேரம் அது திரள்களாகவும் விண்மீன்களாகவும் மாறியிருக்கும். அங்கிருந்து யாராவது நம் பக்கம் பார்த்தால், பால்வழி இருக்கும் இடத்தில் அவர்களுக்கும் வெறும் வாயுதான் தெரியும்.

மாடிப்படி அவர்களுக்கு: பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் பொறுங்கள். இரவு ஏழரை மணிக்கு வடக்கே சற்று மேற்காகச் சாய்ந்த உயரத்தில், காசியோப்பியா என்ற விண்மீன் கூட்டத்தின் கூரான மூலை காட்டும் திசையில் சாதாரண இருநோக்கியால் தேடினால் ஆண்ட்ரமீடா ஒரு நீள்வட்டப் பஞ்சுத் துணுக்காகத் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பிடிபடும். அதே நேரத்தில் கிழக்கே திருவாதிரையும் எழுந்திருக்கும்.